எந்த வேலை வேண்டுமோ, அந்த வேலையையே பழக்குங்கள்

வணக்கம் நேயர்களே. மதுரையில் பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுத்து வருகிறேன். சாப்பிட, சட்டை போட, எழுத, விளையாட என்று அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்யப் பழக்குவதுதான் எங்கள் வேலை. ஆனால் பெற்றோர் பலர் வந்ததுமே, "கையை நல்லா நீட்டி மடக்கி விடுங்க மேடம், சரியாயிரும்" என்கிறார்கள்.

சரியாகுமா? 2019-ல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக், இங்கிரிட் ஹோனன் இருவரும் இந்தத் துறையின் ஆய்வுகளைத் திரட்டி, சிகிச்சை முறைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தார்கள். பிள்ளை தான் விரும்பும் வேலையைத் தானே செய்து பழகும் முறைகள் பச்சையில் வந்தன. பிறர் கையைக் காலை அசைத்துவிட, பிள்ளை சும்மா படுத்திருக்கும் முறைகள் பின்தங்கிவிட்டன.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வருகிறாள். மூளை முடக்குவாதத்தால், அதாவது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால், இடது கை பலவீனம். வீட்டில் எல்லோரும் பூக்கட்டுகிறவர்கள். "எனக்கும் கட்டணும்" என்றாள். மல்லிகை மொட்டுகளை எதிரெதிராக அடுக்கி இடது விரல்களால் அழுத்திப் பிடித்தால்தான் வலது கை நூலைச் சுற்றி முடிச்சிட முடியும். பிடி தளர்ந்தால் மொட்டு நழுவிவிடும். அதனால் முதலில் தடித்த கம்பளி நூலும் சம்பங்கியும் கொடுத்தோம், அப்புறம் மல்லிகை. நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை மட்டும் வேலை வாங்கும் முறையும் உண்டு. பயிற்சி நேரம் சமமாக இருந்தால் அந்த முறையும், இரண்டு கையையும் சேர்த்துப் பழக்கும் இந்த முறையும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தருகின்றன. இவளுக்கு வேண்டியது பூக்கட்டுவது, அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

நேரம் என்றேன், அதுதான் முக்கியம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை குறிப்பிட்ட ஒரு வேலையைக் கற்க 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கையின் பொதுவான திறன் மேம்பட வேண்டுமென்றால் 30, 40 மணி நேரம் ஆகும். வாரம் ஒரு தடவை அரைமணி நேரம் எங்களிடம் வந்து போனால் 14 மணி நேரம் சேரவே 28 வாரம் ஓடிவிடும். ஆனால் ஆய்வுகள் சொல்லும் அந்த 14 முதல் 25 மணி நேரம் வீட்டுப் பயிற்சியையும் சேர்த்த கணக்குதான். அதனால் பாட்டியும் அக்காவும் அருகில் உட்கார்ந்து தினமும் பழக்குவதும் சிகிச்சைதான்.

கையெழுத்துக்கும் இதே கதை. களிமண் பிசைவதும் பாசி கோர்ப்பதும் விளையாட்டாக நல்லவை. ஆனால் எழுதிப் பழகாமல் எழுத்து திருந்துவதில்லை.

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். அம்மா, "பையனோட கையெழுத்து சரியாகணும்" என்பார். பையனோ மாட்டுத்தாவணியில் தனியாகப் பஸ் ஏறணும் என்பான். அவன் சொல்வதைத்தான் முதலில் எடுத்துக்கொள்வேன். அதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறாய், அதில் உனக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டு, ஒன்று முதல் பத்துக்குள் அவனையே மதிப்பெண் போடச் சொல்வோம். சில வாரம் கழித்து மறுபடி கேட்போம். கனடாவில் உருவாக்கி, பல நாடுகளில் பயன்படுத்தும் அளவுமுறை இது.

பெற்றோரே, உங்கள் தெரபிஸ்டிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்தப் பயிற்சி எந்த வேலைக்காக? வீட்டில் நாங்கள் என்ன செய்யணும்? பலன் தெரிகிறதா என்று எந்தத் தேதியில் பார்ப்போம்? அந்தத் தேதியில் முன்னேற்றம் இல்லையென்றால் முறையை மாற்றச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். நன்றி, வணக்கம்.