400 வருடக் கல் வீடு: கெல்ம்ஸ்காட் மேனர் போய் வந்தேன்!

வணக்கம் மக்களே! கோட்டை, அரண்மனை என்றால் எனக்குக் கால் நகராது, பழைய வீடு என்றால் மழையிலும் கிளம்பிவிடுவேன் என்பது உங்களுக்கே தெரியும். இந்த வாரம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் நதியை ஒட்டி இருக்கும் கெல்ம்ஸ்காட் மேனர்.

முதலில் அந்த டாக்சிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்விண்டன் ஸ்டேஷனிலிருந்து 30 பவுண்டு என்று ஃபோனில் பேசினார்கள். இறங்கும்போது 42! கேட்டால், "கிராமத்துக்குள் வரணும்னா அப்படித்தான்" என்கிறார் டிரைவர். இன்னும் வயிறு எரிகிறது. திரும்பும்போது ஆற்றங்கரைப் பாதையிலேயே லெச்லேட் ஊருக்கு நடந்துவிட்டேன். ஒரு மணி நேரம்தான், பைசா செலவில்லை. அங்கிருந்து பேருந்து. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, வீடு. பெயரில்தான் மேனர், அதாவது நிலப்பிரபுவின் மாளிகை. 1600 வாக்கில் டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய பண்ணை வீடு இது. அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் கல் தாராளமாகக் கிடைக்கும். அதனால் சுவரும் கல், ஜன்னலுக்கு நடுவே நிற்கும் சட்டமும் கல், கூரையும் கல்.

அந்தக் கூரைதான் என்னை அசர வைத்தது. இறவாணத்தில் பெரிய பெரிய கல் ஓடுகள். மேலே போகப் போக வரிசை வரிசையாகச் சிறுத்து, முகட்டில் குட்டி ஓடுகள். கூரையில் விழும் மழை கீழே வர வரச் சேர்ந்து பெருகும் இல்லையா? அதனால் கீழே இணைப்புகள் குறைய வேண்டும், பெரிய ஓடு வேண்டும். பாரமும் சுவர் மேலேயே உட்காரும். ஒவ்வொரு ஓட்டின் தலையிலும் ஒரு துளை, அதில் ஓக் மர முளை, அதை ரீப்பரில் மாட்டித் தொங்கவிடுவது பழைய முறை. ஜூம் பண்ணியிருக்கிறேன், பாருங்கள். விளிம்பு எதுவுமே நேராக இல்லை, சுத்தியலால் கொத்திய தடம் தெரிகிறது, மேலே மஞ்சள் பாசி. இதைவிட அழகான கூரையை நான் பார்த்ததில்லை!

ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இந்த மாதிரி ஓடுகளை எப்படிப் பிளந்தார்கள் தெரியுமா? ஸ்டோன்ஸ்ஃபீல்ட் பக்கம், வெட்டிய கல்லை ஈரத்தோடு குளிர்காலத்தில் வெளியே பரப்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறைந்து விரியும், கல் அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். உளிக்குப் பாதி வேலை மிச்சம்.

1665 வாக்கில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஜன்னல் மேல் சின்ன முக்கோண அலங்காரம். டர்னர் வீட்டில் காசு சேர்ந்துவிட்டது என்று அதைப் பார்த்தாலே தெரிகிறது.

1871இல் வால்பேப்பர், துணி டிசைன்களுக்குப் பேர்போன வில்லியம் மோரிஸ், ஓவியர் ரொசெட்டியோடு சேர்ந்து இதை வாடகைக்கு எடுத்தார். ஆமாம், போன வால்பேப்பர் வீடியோவில் சொன்ன அதே மோரிஸ். இந்தத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி திருடிய குருவிகள்தான் 1883இல் அவருடைய புகழ்பெற்ற துணி டிசைன் ஆயின. ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் வேறு. பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதுசாக்குவதை எதிர்த்து 1877இல் ஒரு சங்கமே தொடங்கினார். இன்றும் அது இயங்குகிறது. பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தயவுசெய்து கேளுங்கள், பழைய கல் வீட்டில் சிமெண்ட் பூசாதீர்கள்! சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும், கல் பொரிந்து உதிரும். வரும் வழியில் ஒரு வீட்டில் அப்படிச் சுவரே செதில் செதிலாக உரிந்து நின்றது. எனக்குத் தாங்கவில்லை.

கெல்ம்ஸ்காட்டில் பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2022இல் மறுபடி திறந்தார்கள். வருடம் முழுக்கத் திறந்திருக்காது, நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாடி அறைக்குக் கட்டாயம் ஏறுங்கள், கூரையைத் தாங்கும் மரச் சட்டங்களைக் கிட்டத்தில் பார்க்கலாம்.