வாய் முந்தும், விரல் பிந்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது ஒரு பையன் படித்தான். வாடைக்காற்று எப்போது திரும்பும், வடகடலில் எந்த மாதம் என்ன மீன் படும் என்று கேட்டால் மடமடவென்று சொல்லுவான். மனக்கணக்கில் அவன்தான் முதல். நோட்டைத் திறந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவான். ‘தோணி’ என்ற சொல்லை ஒரே பக்கத்தில் ‘தொணி’, ‘தேணி’, ‘தோனி’ என்று மூன்று விதமாக எழுதியிருந்தான். கவனக்குறைவு என்று நினைத்து 20 முறை எழுதச் சொன்னேன். பதினேழாவது வரியில் நான்காவதாக ஒரு தோணி பிறந்திருந்தது. நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை.

அது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடாக இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தபோது, அவன் கடலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ‘படிப்பு ஏறவில்லை’ என்று நம் கரையில் எத்தனை பிள்ளைகளை இப்படி அனுப்பிவிட்டோம்!

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே அவன் ‘ப்ரெசி’ என்று எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவன் ஆசிரியர். அறிவுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் சம்பந்தமில்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து, எழுத்தோடு பொருத்துவதில்தான் சிக்கல். நம் ‘கொ’வைப் பாருங்கள்: கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ஒன்று. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. தமிழில் சமாளித்த பிள்ளைகூட அங்கே தடுக்கி விழும்.

சின்னப் பிள்ளைகளிடம் புத்தகமே இல்லாமல் விளையாடிப் பார்க்கலாம். ‘வலை’யில் ‘வ’வை எடுத்துவிட்டுக் ‘க’ போட்டால் என்ன? வயதொத்த பிள்ளைகள் ‘கலை’ என்று சொல்ல, இவன் மட்டும் திரும்பத் திரும்ப விழித்தால், பேச்சும் தாமதமாக வந்திருந்தால், கவனியுங்கள். ஐந்தாறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம். அதற்காகக் கலங்க வேண்டாம். கண்ணையும் காதையும் முதலில் சோதித்துவிடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், மறைக்கப் பழகியிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாடத்தைக் கணீரென்று வாசித்தாள். அருகில் போய்ப் பார்த்தேன். வாய் மூன்றாவது வரியில், விரல் முதல் வரியில். தோழி வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். வாசிப்பு முறை வரும் நாளில் தலைவலி, விடை தெரிந்தும் பாதியில் நிற்கும் தேர்வுத்தாள், ‘நான் மக்கு’ என்று தானே சொல்லிக்கொள்வது: இவையெல்லாம் சோம்பலின் அடையாளங்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். தலைமையாசிரியரிடம் பேசுங்கள், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். ஒலியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு வரும், மெதுவாக.

அந்தப் பையன் இப்போது படகு ஓட்டுகிறான். வாட்ஸ்அப்பில் எனக்கு எழுத மாட்டான், குரல் பதிவுதான். போன வாரம் ஒன்று வந்தது. “டீச்சர், மகன் ஒன்றாம் வகுப்பு போகிறான். ஒரு பாட்டுகூட அவனுக்கு வாயில் நிற்கவில்லை. என்னை மாதிரியே இருக்கிறான். ஒரு தடவை வந்து பார்க்கிறீர்களா?”

இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதுதான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.