வரைபடத்தில் மஞ்சள் என்றால் மனை வாங்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகனுக்காகத் தூத்துக்குடிப் புறநகரில் ஐந்து சென்ட் மனை பார்த்திருக்கிறாராம். செல்போனில் யாரோ அனுப்பிய வெள்ள அபாய வரைபடத்தில் அந்த இடம் மஞ்சளாக இருக்கிறது, அதாவது அபாயம் குறைவு. ஆனால் 2023 டிசம்பரில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். "யாரை நம்ப? இந்தப் படத்தை வைத்துத்தான் எந்த வெள்ளத் தடுப்பு வேலையை முதலில் செய்வது என்று அரசாங்கம் முடிவெடுக்குமா?"

பக்கத்து வீட்டுக்காரரை நம்புங்கள், அண்ணாச்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

இப்படிப் பரவும் படங்களில் பல, செயற்கைக்கோளோ விண்கலமோ எடுத்த நில உயரக் கணக்கை வைத்துப் போடப்பட்டவை. இலவசமாகக் கிடைக்கிற உயரக் கணக்குகளில் ரொம்பப் பழக்கமானது 2000-ஆம் ஆண்டில் எடுத்தது. அதில் ஒரு புள்ளிக்கு முப்பது மீட்டர் நீள அகலம். உயரத்தில் சில மீட்டர் பிசகும். மலைப்பக்கம் அந்தப் பிசகு பெரிதில்லை. தூத்துக்குடி மாதிரி தட்டையான ஊரில் அரை மீட்டர்தான் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். அடர்ந்த உடைமரக் காட்டின் உச்சியைக்கூட அது மேட்டு நிலம் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், 2000-க்குப் பிறகு மண் அடித்து உயர்த்திய சாலை அதில் இருக்காது. அந்தச் சாலைதான் மழையில் கரை மாதிரி நின்று தண்ணீரைத் தடுக்கிறது.

இன்னொரு கோளாறு, இது எனக்குப் பெரிய கோபம். கடலோர நகரம் என்றதும் படம் போடுகிறவர்கள் கடலையே பார்க்கிறார்கள். புயல் அலை, கடல் மட்டம், ஓதம். எல்லாம் சரிதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடியை முக்கியமாக மூழ்கடித்தது கடலா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே அவ்வளவு கிடையாது. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கத்து வெள்ளமெல்லாம் ஓடை வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்கு வந்தது. குளத்தின் கரை உடைந்தது. வெள்ளம் நகரத்தின் முதுகுப்புறமாக வந்தது. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்கோட்டோடு வெட்டி நிறுத்திய படத்தில் அந்தக் குளமும், அது நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற மறுகாலும் எப்படித் தெரியும்?

திருநெல்வேலியில் ஆற்றங்கரைச் சிந்துபூந்துறையில் வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் டேப் வைத்துச் சுவரில் சேற்றுக் கோட்டை அளந்துகொண்டிருந்தோம். ஒரு ஆச்சி வந்து, "அது இப்ப வந்தது. தொண்ணூத்திரண்டுல வந்தது இங்கனக்குள்ள" என்று இன்னொரு இடத்தில் விரலை வைத்தார். சுவர் இரண்டு தடவை வெள்ளையடித்தாகிவிட்டது, கோடு இல்லை. அவர் விரல் மட்டும் தயங்காமல் போய் நின்றது. அந்த இரண்டு அளவையும் குறித்துக்கொண்டோம். இப்படி நூறு வீட்டுச் சுவரை அளந்து படத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் எங்கே பிசகு என்று தெரியும்.

"நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று படத்தில் போட்டிருந்தால், நமக்கு வராது என்று நினைக்காதீர்கள். எந்த வருஷத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அதற்கு அர்த்தம். முப்பது வருஷ வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வர, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

சரி, இரண்டாவது கேள்வி. எதை முதலில் செய்வது என்று படம் சொல்லாது. தண்ணீர் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதுதான் அதன் வேலை. அதன்மேல் ஆட்கள் எடை போடுகிறார்கள்: ஆழத்துக்கு இவ்வளவு மதிப்பெண், மக்கள் நெருக்கத்துக்கு இவ்வளவு, சொத்து மதிப்புக்கு இவ்வளவு என்று. சொத்துக்குக் கூடுதல் எடை கொடுத்தால் தொழிற்சாலைகளும் பெரிய கடைத்தெருவும் முதலில் வரும். வெளியேற முடியாதவர்களுக்கு எடை கொடுத்தால் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு மேலே வந்துவிடும். அதே தண்ணீர், அதே கணினி, வரிசை மட்டும் தலைகீழ். அதனால் படத்தைக் காட்டினால் முதலில் எடையைக் கேளுங்கள், யார் போட்டது என்றும் கேளுங்கள்.

ஆழத்தை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. அதே 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் சிக்கினார்களே, அந்த நிலையம் மேட்டில்தான் இருந்தது. சுற்றிலும் வெள்ளம், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆழப் படத்தில் அது பத்திரமான இடம்! வழி எங்கே அறுபடும் என்று தனியாக ஒரு படம் வேண்டும்.

நம்ம திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கோயில், தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் முங்கும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையில் செதுக்கியவர், அங்கேயே இருப்பார். எது நகரும், எது நகராது, எங்கே போகும் எல்லாம் முன்கூட்டியே முடிவான விஷயம். நகரத்துக்கு இந்த அளவு தெளிவு வந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

என்னைக் கேட்டால் முதல் பணம் குளத்துக் கரைக்கும் மறுகால் ஓடைக்கும். அடுத்தது ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலைகளின் பாலங்களுக்கு. கடற்கரைச் சுவரெல்லாம் அப்புறம்.

உங்கள் மனைக்கு வருகிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அதில் மனைக்குப் பக்கத்தில் ஓடை போட்டிருந்து, தரையில் போய்ப் பார்த்தால் ஓடையைக் காணவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.