சத்துணவுப் பெரியம்மாவையும் மேடைக்குக் கூப்பிடுவோம்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கேமராவோடு மதுரைக்குப் பக்கத்தில் கள்ளந்திரிப் பக்கம் வந்திருக்கிறேன். பின்னால் தெரிவது பெரியாறு கால்வாய். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்னாள் மாணவர் சந்திப்பு நடத்தப் போகிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி, யார் யாரை அழைப்பது என்று போன வாரம் பட்டியல் போட்டார்கள். தலைமையாசிரியர், வாத்தியார்கள், டீச்சர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்த பெரியவர்கள், எல்லாருக்கும் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு. நல்ல காரியம், மறுக்கவே இல்லை. ஆனால் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தேன், அதில் சத்துணவு ஆக்கிப்போட்ட பெரியம்மா பெயர் இல்லை, எங்களை ஏற்றி இறக்கிய கண்டக்டர் அண்ணன் இல்லை, கேட் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் வீட்டு ஆட்கள் யாரும் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் முதலில் ஞாபகம் வருவதே இவர்கள்தான். அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் சமையல் கூடம் வகுப்பறைக்குப் பின்னாலேயே இருந்தது, அப்போது கேஸ் எல்லாம் கிடையாது, விறகு அடுப்பு. பதினோரு மணி வாக்கில் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும், அதற்குப் பின்னாலேயே சாம்பார் கொதிக்கும் வாசனையும் வரும், அதுக்கு மேல் கணக்கு வாத்தியார் என்ன எழுதினாலும் தலையில் ஏறாது. காலையில் சாப்பிடாமல் வந்த பையன்களுக்கு அந்த வாசனை என்ன செய்யும் என்று அப்படி வந்தவர்களுக்குத்தான் தெரியும். அறுப்புக்கும் களையெடுப்புக்கும் அம்மாக்கள் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள், பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு வரவேண்டியதுதான்.

மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வேப்பமரத்து நிழலில் வரிசையாக உட்காரவைத்து, பெரியம்மாவும் உதவிக்கு இருந்த அக்காவும் குண்டானைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சத்துணவு மையம் என்றால் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேர், அந்த மூன்று பேரை நம்பித்தான் அத்தனை பிள்ளைகளும். பெரியம்மா குனிந்து சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பார். "என்னடா, காலையில சாப்பிடலையா?" என்று ஒரு கேள்வி, பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், இன்னொரு கரண்டி விழுந்துவிடும். யார் வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை, யார் வீட்டில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது வாத்தியாருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். என்னோடு படித்த ஒருத்தன், பெயர் வேண்டாம், முட்டை போடுகிற நாளில் முட்டையைச் சாப்பிடாமல் டவுசர் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான், வீட்டில் பள்ளிக்கூடம் சேராத தங்கச்சி இருந்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை, அதற்கப்புறம் முட்டை போடும் நாளெல்லாம் "நீ இங்கேயே உரிச்சுச் சாப்பிடு" என்று சொல்லி அவன் தட்டில் ஒன்று வைத்துவிட்டு, கடைசியில் பாத்திரம் கழுவும்போது அவனைக் கூப்பிட்டுத் தன் பங்கை ஒரு தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்புவார். இதை அவன் எங்களிடம் சொன்னதே பல வருஷம் கழித்துத்தான். இன்றைக்கு அவன் திருப்பூரில் நல்ல நிலையில் இருக்கிறான்.

காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர் 1982இல் சத்துணவாக விரித்தார், கலைஞர் 1989இல் முட்டையைச் சேர்த்தார், இதெல்லாம் பொது அறிவுக் கேள்வியாக எல்லோரும் படித்ததுதான். 2022 செப்டம்பர் 15 அன்று மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் நம் மதுரையில்தான், கீழ அண்ணாத்தோப்பில் இருக்கிற ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்கு மனசு நிறைந்து போனது, பதினோரு மணிப் புகைக்காகக் காத்திருந்த பையன்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் திட்டம் யார் போட்டாலும் தட்டில் சோறு விழுவது ஒரு கரண்டியில் இருந்து, அந்தக் கரண்டியைப் பிடித்தவர்களை எந்த ஆண்டு விழாவிலும் மேடைக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். அழகர்கோயிலில் இருந்து பெரியார் பஸ் நிலையம் போகிற டவுன் பஸ். இந்த ரோட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வைகைக்கு வருவாரே, அதே வழிதான் இது, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று. அவர் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வருவார், எங்கள் பஸ்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். முழுப் பரீட்சை முடிகிற நேரமும் சித்திரைத் திருவிழாவும் பக்கத்தில் பக்கத்தில் விழும், அதனால் கடைசிப் பரீட்சை எழுதி முடித்து, சட்டையில் இங்க் அடித்துக்கொண்டு, நீலச் சட்டையோடு வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் ரோட்டில் பந்தல் போட்டுவிடுவார்கள். பானகமும் நீர்மோரும் எந்தப் பந்தலில் நன்றாக இருக்கும் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற மூன்றுமாவடி எதிர்சேவைக் கூட்டத்தில் கூடப் படித்த பிள்ளைகளைப் பார்த்தால், யூனிஃபார்ம் இல்லாமல் கலர் உடுப்பில் பார்ப்பதே ஏதோ புதிதாக இருக்கும்.

காலையில் அந்த பஸ்ஸில் இடம் கிடைக்காது. பூக்கூடைக்காரர்கள், காய்கறி மூட்டை, வேலைக்குப் போகிறவர்கள், நடுவில் நாங்கள். உட்கார்ந்திருக்கும் அக்காமார் மடியில் பையைக் கொடுத்துவிடுவோம், ஒரே ஆள் மடியில் நாலைந்து பை, அதற்கு மேல் தூக்குவாளி, அதில் ரசம் சிந்தினாலும் "பரவாயில்லப்பா" என்பார்கள். கண்டக்டர் அண்ணன் பாஸைக் கேட்டு யாரையும் இறக்கிவிட்டதே இல்லை. புதுப் பாஸ் கைக்கு வரும் வரைக்கும் யூனிஃபார்ம்தான் பாஸ். படியில் தொங்கினால் மட்டும் விடமாட்டார், விசில் அடித்து வண்டியை நிறுத்திவிடுவார், "உள்ள போங்கப்பா, ஒருத்தன் கீழ விழுந்தா நான் உங்க அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது" என்று, நாங்கள் எல்லாம் உள்ளே போன பிறகுதான் வண்டி கிளம்பும். வரப்பு வழியாக ஒரு பிள்ளை ஓடி வருவது தெரிந்தால் டிரைவரிடம் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்பார். அப்படி நின்ற நிமிஷங்களால்தான் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் பிளஸ் டூ வரைக்கும் படித்தார்கள், இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு முதல் பீரியட் முடிந்துவிடும், தினம் தினம் லேட்டாகப் போகிற பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட ஒரு காரணம் போதும் அந்தக் காலத்தில்.

அப்புறம் கேட் ஓரத்து அப்பத்தா. அவர் சாக்கைப் பார்த்தே எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். தை மாதம் என்றால் பனங்கிழங்கு, மாசி பங்குனியில் கொடுக்காப்புளி, அதற்குப் பின் மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும், ஆடி வாக்கில் நாவற்பழம், நாக்கு ஊதாவாகிப் போய் வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். தேன்மிட்டாய், எலந்த வடை, சவ்வு மிட்டாய் எல்லாம் வருஷம் முழுக்க. காசு இல்லாவிட்டால் "நாளைக்குக் குடு" என்பார், எழுதி வைக்க மாட்டார், எத்தனை பேருடைய கடன் அவர் தலைக்குள் இருந்ததோ. பள்ளிக்கூட நேரத்தில் யாராவது கேட்டைத் தாண்டி நழுவினால் அப்பத்தா சாக்கில் இருந்து எழுந்திருக்காமலேயே அவன் அப்பா பெயரைச் சொல்லி சத்தம் போடுவார், அவ்வளவுதான், பையன் திரும்பி உள்ளே போய்விடுவான். இப்போது அவர் இல்லை. மகள் சத்திரப்பட்டிப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

வாத்தியார்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தமிழய்யா ஒரு சனிக்கிழமை எங்களை மாங்குளம் மலைக்குக் கூட்டிப் போனார், அவரவர் வீட்டில் இருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு. மேலே குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள், பாறையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து. ஒரு குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டி வாசித்தார், நெடுஞ்செழியன் என்ற பெயர் அதில் இருக்கிறது, பாண்டிய மன்னன், 2,000 வருஷத்துக்கும் மேலே. ஆடு மேய்க்கப் போகிற மலையில் இப்படி ஒன்று இருக்கிறது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. இந்தக் கல்வெட்டை 1882இலேயே ராபர்ட் சீவல் என்ற வெள்ளைக்காரர் கண்டு சொல்லியிருக்கிறார், எங்களுக்குத் தமிழய்யா வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மேடையில் உட்காரும்போது முதல் கைதட்டல் என்னுடையதாக இருக்கும்.

ஜூன் மாதத்தையும் சொல்லாமல் விட முடியாது. பள்ளிக்கூடம் திறப்பதும் நல்ல மழை வருஷங்களில் இந்தக் கால்வாயில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதும் ஒரே மாதம். வைகையில் இருக்கிற பேரணையில் இருந்து இந்தக் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர், இதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். தண்ணீர் வந்தால் அப்பா கையில் காசு வரும் என்ற நம்பிக்கை, அந்த நம்பிக்கையில்தான் புதுமண்டபத்துக்குக் கூட்டிப் போவார். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், அந்தக் கல்தூண்களுக்கு நடுவில் ஒரு பக்கம் புத்தகக் கடைகள், ஒரு பக்கம் தையல் மிஷின் சத்தம். சிலைகளுக்குக் கீழே உட்கார்ந்து டெய்லர் அண்ணன் அளவெடுப்பார், "வளர்ற பையன், கொஞ்சம் லூசாவே தைங்க" என்று அப்பா வருஷா வருஷம் சொல்வார். போகிற வழியில் பஸ் வடக்கு வெளி வீதியில் திரும்பும்போது சேதுபதி பள்ளியைக் காட்டுவார், 1904இல் பாரதியார் கொஞ்ச மாதம் தமிழ் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் அது. அப்பா படித்தது அஞ்சாவது வரைக்கும், அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். இப்போது புதுமண்டபக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான், பழைய சிற்பங்கள் மூச்சு விடட்டும். ஆனாலும் ஜூன் மாதம் அந்தப் பக்கம் போனால் கண் அந்த மிஷின்களைத் தேடுகிறது.

குரூப்பில் நான் இதைச் சொன்னபோது சிலர் செலவு கூடும் என்றார்கள். எத்தனை பொன்னாடை கூடப் போகிறது? அந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். சிலர், அவர்கள் வேலையைத்தானே செய்தார்கள் என்றார்கள். வேலையில் எங்கே எழுதியிருக்கிறது தன் பங்கு முட்டையைத் தாளில் சுற்றிக் கொடு என்று? ஓடி வருகிற பிள்ளைக்காக வண்டியை நிறுத்து என்று எந்த டிப்போவில் உத்தரவு போட்டார்கள்? நேற்று இரவு பேசிப் பேசி ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள், மேடையில் தனி வரிசை எல்லாம் வேண்டாம், தலைமையாசிரியர் பக்கத்திலேயே நாற்காலி என்று முடிவாகியிருக்கிறது. அன்றைக்குச் சாப்பாட்டில் பெரியம்மா உட்கார வேண்டும், எங்கள் செட் பையன்கள் பரிமாற வேண்டும், அதையும் சொல்லிவிட்டேன்.

பெரியம்மா வீட்டுக்குப் போய் நேரிலேயே அழைத்துவிட்டேன், முழங்கால் வலி இருக்கிறது, ஆட்டோ அனுப்பினால் வருகிறேன் என்றார். கண்டக்டர் அண்ணன்தான் இன்னும் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்று மேலூர்ப் பக்கம் இருப்பதாக ஒருத்தர் சொன்னார், இல்லை ஒத்தக்கடையில் மகன் வீட்டில் என்று இன்னொருத்தர் சொன்னார். 2000 வாக்கில் அழகர்கோயில் ரோட்டு டவுன் பஸ்ஸில் படிக்கப் போனவர்கள் யாராவது இதைப் பார்த்தால், நெற்றியில் பட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லும் அந்தக் குரல், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் இருக்கும் இடம் தெரிந்தால் நம்பரைக் கமெண்டில் போடாதீர்கள், எனக்குத் தனியாக மெசேஜ் பண்ணுங்கள், முதலில் அவர் வீட்டில் கேட்டுக்கொண்டு நானே போய் அழைத்து வருகிறேன்.