மூச்சுக்கருவியை நிறுத்தும் முன்

எல்லோருக்கும் வணக்கம். எதிரே செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் நிறைய பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. தூக்கினால் கையும் காலும் வதங்கிய கீரைத்தண்டு மாதிரி தொங்குகின்றன. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாமல் பால் கடைவாயில் வழிகிறது. மூச்சு திணறுகிறது, குழாய் போட்டு மூச்சுக்கருவியில் வைக்கிறோம். உயிரணுக்கள் ஆற்றலுக்குத் தவிக்கும்போது சேரும் லாக்டேட் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. கேஸ் ஷீட்டில் ‘மைட்டோகாண்ட்ரியா நோய்’, அதாவது உயிரணுவுக்குள் ஆற்றல் உண்டாக்கும் உறுப்பு பழுதான நோய், என்று எழுதியதும் வார்டில் எல்லோர் குரலும் தாழ்ந்துவிடும். மூச்சுக்கருவியை நிறுத்துவதைப் பற்றிப் பேச, பெற்றோரைத் தனியறைக்குக் கூப்பிடுவோம்.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

1983 இல் டிமாவ்ரோ என்ற நரம்பியல் மருத்துவரின் குழுவினர் இதே நிலையில் இருந்த ஓர் ஆண் குழந்தையைப் பற்றி எழுதினார்கள். ஒரு மாதத்தில் எடுத்த தசைத் துணுக்கில், சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்வதைக் காட்டும் சாயம் நூற்றுக்கு ஐந்து இழைகளில்கூடப் பிடிக்கவில்லை. உயிரணு ஆற்றல் உண்டாக்கும்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் படியைச் செய்வது அந்த நொதிதான். ஏழாம் மாதம் மறுபடி எடுத்தார்கள்: ஏறக்குறைய 60 சதவீத இழைகளில் சாயம் பிடித்தது. 36 ஆம் மாதம் எல்லா இழைகளிலும்! அந்தப் பையன் நாலரை மாதத்தில் தலை நின்று, ஏழில் புரண்டு, பதினாறில் நடந்தான். நோயைத் தீர்த்த மருந்து என்று எதுவும் இல்லை. தானாகவே தேறினான், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், இதே மாதிரி தொடங்கி உயிரைப் பறிக்கும் நோய்களும் உண்டு. முதல் மாதத்தில் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று பிரிக்க முடியாது. 2009 இல் ரீட்டா ஹார்வத்தும் சக ஆய்வாளர்களும் அதற்கு வழி கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 வேதி எழுத்து நீளம். தானே தேறும் இந்தக் குழந்தைகளுக்கு அதில் 14674 ஆவது இடத்தில் ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’ இருந்தது.

அந்த எழுத்து தாய்வழியாக வருவது. இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்கும் பார்வையும் தெரியும். அப்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அதே எழுத்து அவளுக்கும் இருக்கிறது, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த எழுத்து உள்ள பலருக்கு நோயே வருவதில்லை. உயிரணுவின் உட்கருவில் உள்ள வேறு மரபணுக்களின் மாற்றமும் சேரும்போதுதான் நோய் வெளிப்படுகிறது என்று 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மாற்றம் அப்பா வழியிலும் வரலாம். தயவுசெய்து இதை அந்தச் சொந்தக்காரர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதல் பிறந்தநாளை ஒட்டிய மாதங்களில் தேற்றம் தெரியத் தொடங்கும். சிலருக்குத் தோளிலும் இடுப்பிலும் லேசான பலவீனம் மிஞ்சலாம். அதுவரை சளியை உறிஞ்சி எடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, குழாயில் பால் ஊட்டுவது எல்லாம் செவிலியர்களாகிய உங்கள் கையில்தான். மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை அது.

அப்புறம், பயிற்சி மருத்துவர்களுக்கு ஒன்று. மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் வழக்கமான எக்சோம் பரிசோதனையில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. விட்டுப்போகலாம். ரத்தம் அனுப்பும்போது படிவத்தில் 14674 என்ற எண்ணை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். முடிவு வரும்வரை மூச்சுக்கருவியை நிறுத்தும் பேச்சை எடுக்காதீர்கள்.