கூடாரத்தில் இருந்த குடும்பங்கள்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரை அங்குள்ள மக்கள் வார இறுதிகளில் திரும்ப நடத்திக் காட்டுவதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிமை முறையை விடாத தென் மாநிலங்களுக்கும் வடக்கு அரசுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த போர் அது. குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தை மட்டும் போட்டுச் சுடுவார்கள், பீரங்கி முழங்கும், கொஞ்ச நேரத்தில் சண்டை முடிந்துவிடும். பார்க்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது சண்டை இல்லை, முகாம்தான்.

முகாமுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சிப்பாய் வேடம் போட்டவர்களுக்குச் சின்னக் கூடாரம். ஆளுக்குப் பாதித் துணி சுமந்து வந்து, இரண்டையும் பொத்தான் போட்டு இணைத்து, இரண்டு பேர் படுக்க வேண்டும். குடும்பங்களின் கூடாரங்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும். பருத்தி, கம்பளி உடைதான் உடுத்துவார்கள். அந்தக் காலத்து உடை பெரும்பாலும் அதுதான். அதோடு, நாள் முழுக்க விறகடுப்புப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு நைலான் ஆபத்து; தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துச் சுட்ட ஹார்ட்டாக் என்ற பிஸ்கட்டைக் காப்பியில் ஊறவைத்தால்தான் கடிக்க முடியும். அதைப் பிள்ளைகளும் தின்று பார்க்கிறார்கள். புத்தகத்தில் இரண்டு வரியில் தாண்டிப் போகிற விஷயம் பல்லுக்குத் தெரிகிறது.

“சிப்பாய் போருக்குப் போனானா, பெண்டாட்டி பிள்ளையோடு சுற்றுலா போனானா?” என்று சிலர் கேட்கிறார்கள். அணிவகுத்து நடந்த படையோடு குடும்பங்கள் அப்படிப் போய்விடவில்லை, உண்மைதான். ஆனால் கம்பெனி என்கிற சின்னப் படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் நான்கு சலவைப் பெண்கள் வரை வைத்துக்கொள்ள ராணுவ விதியே இடம் கொடுத்தது. குளிர்கால முகாம்களுக்கு அதிகாரிகளின் மனைவிமார் வந்து தங்கினார்கள். ஆண் வேடத்தில் சண்டை போட்ட பெண்களும் உண்டு. சாரா ரொசெட்டா வேக்மன் அப்படி நியூயார்க் 153ஆம் ரெஜிமென்டில் சேர்ந்து, 1864இல் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார். நம் காலத்திலும், 1989இல் ஆன்டீட்டம் என்ற பழைய போர்க்களத்தில் போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் சிப்பாய் வேடமிட்ட லாரன் குக், பெண் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். வழக்குப் போட்டு 1993இல் ஜெயித்தார்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்தக் குடும்ப முகாம்களில் நாம் அதிகம் பார்க்காத ஒரு குடும்பம் இருக்கிறது.

கென்டக்கி மாநிலத்தில் கேம்ப் நெல்சன் என்ற வடக்குப் படை முகாம் இருந்தது. அடிமையாக இருந்த கறுப்பின ஆண் படையில் சேர்ந்தால் அவனுக்கு விடுதலை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ஆனாலும் அவர்கள் அவன் பின்னாலேயே வந்து, முகாமில் குடிசை போட்டுக்கொண்டார்கள். 1864 நவம்பரில், கடுங்குளிரில், சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றி வெளியே விரட்டிவிட்டுக் குடிசைகளை இடித்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

ஜோசஃப் மில்லர் என்ற சிப்பாயின் வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. மகனுக்கு உடம்பு சரியில்லை, குளிரில் கொண்டுபோனால் செத்துவிடுவான் என்று காவலரிடம் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அன்று இரவு நடந்தே தேடிப் போனபோது பையன் இறந்து கிடந்தான். முகாமுக்குத் திரும்பி வந்தவர், மறுநாள் மறுபடி நடந்துபோய்த் தன் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தார்.

இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்து நாடே கொதித்தது. 1865 மார்ச் 3இல், கறுப்பினச் சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தவர்கள் முகாமில் இருந்த குடும்பங்கள்தான்.

அதனால் முகாம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அதிகாரியின் மனைவிக்குக் கூடாரம் போடுகிறீர்கள், நல்லது, இந்தக் குடிசைகளையும் போடுங்கள். அமெரிக்காவில் சொந்தபந்தம் இருக்கிறவர்கள் போகும்போது, லெக்சிங்டனுக்குத் தெற்கே இருக்கிற கேம்ப் நெல்சனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். 2018 முதல் அது தேசிய நினைவிடம்.