எடை இறங்கிய பிறகு மிஞ்சும் தோல்

நேயர்களுக்கு வணக்கம். நான் பிளாஸ்டிக் சர்ஜரி செய்கிற மருத்துவர். அந்தப் பெயரைக் கேட்டதும் மூக்கைத் திருத்துவதும் முகத்தைப் பளபளப்பாக்குவதும்தான் பலருக்கு ஞாபகம் வரும். என் வேலையில் பெரும்பகுதி தீக்காயமும் விபத்துக் காயமும். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்திருப்பது வேறொன்றைப் பற்றி. ஐம்பது, அறுபது கிலோ எடை குறைத்தவர்களின் உடம்பில் மிஞ்சித் தொங்குகிற தோல்.

போன கோடையில் ஒரு அம்மா வந்தார். வயது நாற்பத்தாறு. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆப்பரேஷன் செய்துகொண்டு 128 கிலோவிலிருந்து 71-க்கு வந்தவர். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, மூட்டுவலி போய்விட்டது, இரண்டு மாடி ஏறுகிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்த துணிகள். அடிவயிற்றில் தொங்கும் மடிப்புக்கு அடியில் காலையில் ஒன்றைச் செருகிக்கொள்வார். மதியம் அதை எடுத்துவிட்டு இன்னொன்று. பஸ்ஸில் போகிற நாளென்றால் மூன்றாவதாக ஒன்று. செருகாவிட்டால் வேர்வை தங்கி, தோலும் தோலும் உரசிப் புண்ணாகி, வாடை வந்துவிடும். பாவாடை நாடாவை மடிப்புக்கு மேலே கட்டினால் சதை கீழே பிதுங்குகிறது, கீழே கட்டினால் நாடா அறுக்கிறது. “நடக்கிறதுக்குப் பயமில்ல டாக்டர், யார் பக்கத்துலயாவது உட்காரத்தான் பயமா இருக்கு” என்றார்.

மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது, ஓரத்தில் பூஞ்சை. களிம்பு தடவினால் பத்து நாளில் ஆறும். அடுத்த வெயிலுக்குத் திரும்ப வரும். இவ்வளவு பாடுபட்டு எடையைக் குறைத்த ஒருவரிடம், “இது வெறும் அழகுப் பிரச்சினைம்மா, விட்டுத்தள்ளுங்க” என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவரிடம் இரண்டு பேர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உடற்பயிற்சி செய்தால் தோல் இறுகாதா? எண்ணெய் தேய்த்தால்? தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்கிற நார். இழுத்தால் திரும்பிப்போகும் தன்மையைத் தருவது எலாஸ்டின் என்கிற நார். பல வருடம் விரிந்தே இருந்த தோலில் இந்த நார்கள் நைந்துபோகின்றன, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பழைய கால்சட்டை எலாஸ்டிக் மாதிரி. பயிற்சி தசையை வளர்க்கும், அது நல்லது, விடாமல் செய்யுங்கள். மிஞ்சிப்போன தோலை அது சுருக்காது. எண்ணெயும் கிரீமும் மேல்தோலைத் தாண்டி அந்த நார்கள்வரை போய் எதையும் சரிசெய்வதில்லை. வயது குறைந்தவர்களுக்கும், கொஞ்சம் எடை மட்டும் குறைத்தவர்களுக்கும் தோல் ஓரளவு தானாகவே ஒட்டிவரும். ஐம்பது கிலோ குறைந்த இடத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. லைப்போசக்‌ஷன் செய்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். அது கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. தொங்குவது தோலாக இருக்கும்போது, உள்ளே இருக்கும் மிச்சக் கொழுப்பையும் எடுத்தால் இன்னும் அதிகமாகத்தான் தொங்கும்.

ஆண்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. ஒரு இளைஞர், எடை குறைந்தால் திருச்செந்தூருக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர். அறுபது கிலோ குறைந்தார், போனார். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மார்புத் தோல் இரண்டு பக்கமும் பை போலத் தொங்குகிறது. குடும்பத்தை உள்ளே அனுப்பிவிட்டுக் கடற்கரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். என்னிடம் இதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவே இல்லை.

இதற்கான ஆப்பரேஷன் புதிதல்ல. 1899-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி என்ற மகளிர் நோய் மருத்துவர் தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் குறுக்குவாட்டில் வெட்டி எடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். பெரிய மாற்றம் 1990-களில் வந்தது. அதே நாட்டின் பிளாஸ்டிக் சர்ஜன் டெட் லாக்வுட், இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டி வயிறு, பக்கவாடு, பிட்டம், தொடையின் வெளிப்பக்கம் எல்லாவற்றையும் ஒருசேரத் தூக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். தோலுக்குக் கீழே கொழுப்புக்குள் உறுதியான ஒரு சவ்வு இருக்கிறது. இழுவிசையை அந்தச் சவ்வில் போடும் தையல் தாங்கிக்கொண்டால், மேல்தோல் இழுபடாமல் சேரும், தழும்பு அகலமாகாது. இன்றைக்கும் நாங்கள் நம்பியிருப்பது அந்தத் தையலைத்தான்.

இரண்டு ஆப்பரேஷன்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுத்துத் தைப்பது ஒன்று. விலகிப்போன வயிற்றுத் தசையையும் சேர்த்து இறுக்கித் தைத்து, தொப்புளுக்குப் புது இடத்தில் வாசல் வைப்பது இன்னொன்று, டம்மி டக் என்பது அதைத்தான். புண் ஆற வேண்டும், நடக்க வேண்டும் என்பவருக்கு முதலாவதே போதுமானதாக இருக்கலாம். கை, தொடை, மார்பு எல்லாம் தனித்தனி ஆப்பரேஷன்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள். நேரம் நீள நீள ஆபத்தும் கூடும். நடுவில் மூன்று மாதமாவது விட்டுத்தான் அடுத்ததைச் செய்வோம்.

ஆப்பரேஷனுக்கு முன் நோயாளியை நிற்கவைத்துத்தான் மார்க்கரால் கோடு போடுவேன். படுத்தால் தோல் இரண்டு பக்கமும் வழிந்துவிடும், கணக்குத் தப்பிவிடும். நிற்கும்போது இரண்டு கையாலும் மடிப்பைப் பிடித்துச் சேர்த்துப் பார்த்து, எவ்வளவு வெட்டினால் தையல் கூடும் என்று அளக்கிறேன். அப்போதே கண்ணாடியில் காட்டிச் சொல்லிவிடுவேன்: இந்தக் கோடு இருக்கிற இடத்தில் ஆயுசுக்கும் தழும்பு இருக்கும். மடிப்பைக் கொடுத்துத் தழும்பை வாங்குகிறீர்கள். இடுப்புத் தழும்பைச் சேலை மறைக்கும். கைத்தழும்பு அக்குளிலிருந்து முழங்கைவரை போகும், பிளவுஸ் கையை நீளமாகத் தைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். நம் நிறத் தோலில் தழும்பு தடிப்பதும் கறுப்பதும் கொஞ்சம் அதிகம். அது மங்கிப் படிய ஒரு வருடமாவது ஆகும். கண்ணாடியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் முடிவும் சரியான முடிவுதான்.

எப்போது செய்வது என்பதில் நான் கறாராக இருப்பேன். காரணம், ஒருமுறை விட்டுக்கொடுத்துவிட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், மகள் கல்யாணத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று ஒரு தாய் கெஞ்சினார். மாதம் இரண்டு கிலோ இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சரி என்று செய்தேன். மூன்றாவது வாரம் நடுத்தையல் பிரிந்தது. அவருக்குப் புரதச் சத்து போதவில்லை, அதை நான் முன்பே சரியாகப் பார்க்கவில்லை. ஆறு வாரம் கட்டுப் போட்டோம். வருடம் திரும்புவதற்குள் எடை இன்னும் இறங்கி, தோல் மறுபடி தளர்ந்தது. கல்யாணத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு, எடை ஆறு மாதமாவது அசையாமல் நிற்காத யாருக்கும் நான் கத்தியை எடுத்ததில்லை. பேரியாட்ரிக் ஆப்பரேஷன், அதாவது எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்குவது போன்ற ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு அந்த நிலை பெரும்பாலும் ஒன்றரை வருடம் கழித்துத்தான் வரும்.

சாப்பாட்டைப் பற்றி. இரைப்பை சுருங்கியவர்கள் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. அந்த நாலு வாயும் இட்லியும் ரசம் சாதமுமாகப் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. உங்கள் நேற்றைய சாப்பாட்டைக் கூட்டிப்பாருங்கள், தெரியும். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி எல்லாம் பரிசோதித்துக் குறையைச் சரிசெய்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். சிகரெட் பிடிப்பவர்கள் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தையலோரத் தோல் கறுத்துச் செத்துப்போகும். இப்போது எடை குறைக்க வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அவர்கள் அதை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு முதல் வாரம் குனிந்தபடிதான் நடக்க முடியும். ஆனால் நடக்க வேண்டும், மறுநாளே. படுத்தே இருந்தால் கெண்டைக்கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது சகஜம், அதற்காகத்தான் டியூப் வைக்கிறோம். அப்புறம் ஒன்று, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு: அன்பாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிடாதீர்கள். தொப்புளுக்குக் கீழே பல மாதம் உணர்ச்சியே இருக்காது. சுடுவது ஆப்பரேஷன் ஆனவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கடைசியாகப் பணம். காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற அமைப்பு 2019-ல் கொண்டுவந்த விதிப்படி, அழகுக்கான சிகிச்சை மருத்துவக் காப்பீட்டில் சேராது. ஆனால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவரீதியாக அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று கொடுத்தால், அதற்கு விலக்கு உண்டு என்றும் அதே விதியில் எழுதியிருக்கிறது. எல்லா விண்ணப்பமும் நிறைவேறும் என்று நான் சொல்லவில்லை. அந்த வேட்டித்துணி அம்மாவுக்கு முதலில் மறுத்தார்கள். மூன்று வருடத்தில் எத்தனை முறை புண் வந்தது, என்னென்ன மருந்து போட்டார் என்ற சீட்டுகளோடு மறுபடி எழுதினோம், கிடைத்தது. ஆகவே புண் வரும் ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் காட்டுங்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள், தேதியோடு ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.